ஓட்டுக் கேட்டு வருபவரிடம் சைக்கிள்காரர்கள் என்ன கேட்பது?

மதுரை செல்லூரிலிருந்து விளக்குத்தூண் ஜவுளிக்கடைக்குத் தினமும் சைக்கிளில் போகிறவன் நான். அரசியல் பேச்சால் நமக்கு நல்லது நடக்குமா? நடக்கும். பள்ளிப் பிள்ளைகளுக்கு விலையில்லா சைக்கிள் கிடைத்ததே அரசியல் முடிவால்தான். அவர்கள் ஓட்டிப்போகிற ரோட்டைப் பற்றி நாம்தான் பேசவைக்க வேண்டும்.

'சைக்கிள் பாதை வேண்டும்' என்று பொதுவாகக் கேட்டால் தலையாட்டிவிட்டுப் போய்விடுவார்கள். ஒரே இடம், ஒரே வேலை கேளுங்கள். எங்கள் தெருமுனை வடிகால் மூடியில் கம்பிகள் ரோட்டுப் போக்கிலேயே இருந்தன. டயர் இறங்கி ஒரு பெரியவர் விழுந்தார். இடைவெளியில் இஞ்ச் டேப் வைத்துப் படம் எடுத்து, குறுக்குக் கம்பி கேட்டோம். போட்டார்கள்.

ரோடு மாநகராட்சியுடையதா, நெடுஞ்சாலைத் துறையுடையதா என்று முதலில் விசாரியுங்கள். மாநகராட்சி என்றால் வார்டு கவுன்சிலரை மாமன்றக் கூட்டத்தில் எழுப்பச் சொல்லுங்கள். திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸ் குறைதீர்க்கும் கூட்டத்திலும் மனு கொடுக்கலாம். ரசீது வாங்காமல் வராதீர்கள்.

அப்புறமும் அசையவில்லையா? மனு என்ன ஆனது என்று 2005 தகவல் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள், 30 நாளில் பதில் தர வேண்டும். புதிதாகத் தார் போடப்போகிறார்கள் என்றால் அந்த வேலையின் செலவு மதிப்பீட்டின் நகலையும் கேட்டு, ஓரத்து வடிகால் மூடிகள் அதில் உண்டா என்று பாருங்கள்.