கழற்றுவதை யோசித்துக் கட்டும் ஒயரிங் பெட்டி

ஒரு பம்புக்கு நான் கட்டிய கன்ட்ரோல் பெட்டி நாலு வருஷம் ஒழுங்காக ஓடியது. அப்புறம் ஒரு ராத்திரி உள்ளே இருந்த ரிலே, அதாவது மின்சாரத்தால் இயங்கும் சின்ன ஸ்விட்ச், போய்விட்டது. சாக்கெட்டில் செருகும் ரிலேதான். பிடுங்கிவிட்டுப் புதிதைச் செருகினால் ஒரு நிமிட வேலை. ஆனால் அதற்குக் குறுக்கே பவர் சப்ளையை வைத்திருந்தேன். பவர் சப்ளையைக் கழற்ற வேண்டுமென்றால் அதன் மேலே இறுக்கிக் கட்டியிருந்த ஒயர்க் கட்டை வெட்ட வேண்டும். கட்டை வெட்டியதும் நம்பர் போடாத ஆறு ஒயர்கள் கையோடு வந்துவிட்டன. டார்ச்சை வாயில் கவ்விக்கொண்டு, கட்டியவனைத் திட்டிக்கொண்டே இரண்டரை மணி நேரம் போராடினேன். கட்டியவன் நான்தான்.

அன்றிலிருந்து எந்தப் பெட்டிக்கும் சர்க்யூட் வரைந்து முடித்ததும் இன்னொரு தாளை எடுக்கிறேன். உள்ளே இருக்கும் ஒவ்வொரு பொருளின் பெயரையும் எழுதி, அது போனால் எதையெல்லாம் கழற்ற வேண்டும் என்று பக்கத்தில் எழுதுகிறேன். ரிலே: எதுவும் வேண்டாம். காண்டாக்டர் (மோட்டாரை ஓட்டும் பெரிய ரிலே): அதன் ஒயர்கள் மட்டும். பவர் சப்ளை: ஒரு கனெக்டர், இரண்டு ஸ்குரூ. எந்த வரியிலாவது சம்பந்தமில்லாத இன்னொரு பொருளின் பெயர் வந்தால் அந்த இடத்தில் டிசைன் தப்பு. அடிக்கடி போகிற பொருள் முன்னால், கைக்கு எட்டும்படி இருக்கட்டும். ஃபியூஸ், ரிலே, டைமர் எல்லாம் இந்த வகை. ஒயர் நுனிகளை மாட்டும் டெர்மினல் வரிசையும் முன்னால்தான் இருக்க வேண்டும். அது போகிறதோ இல்லையோ, மீட்டர் வைத்துப் பார்க்க எல்லோரும் அங்கேதான் வருவார்கள்.

அடுத்து, பெட்டியை எப்படிப் பிரிப்பது? நான் மூன்றாகப் பிரிப்பேன்: மின்சாரம் உள்ளே வரும் பகுதி, மோட்டாரை ஓட்டும் பகுதி, கன்ட்ரோல் பகுதி. முதலாவதில் மின்சாரத்தை மொத்தமாகத் துண்டிக்கும் ஐசொலேட்டரும், மிகை மின்சாரம் ஓடினால் தானே அணையும் எம்சிபியும். இரண்டாவதில் காண்டாக்டரும், மோட்டார் அளவுக்கு மேல் மின்சாரம் இழுத்தால் நிறுத்தும் ஓவர்லோட் ரிலேயும். மூன்றாவதில் 24 வோல்ட் பவர் சப்ளை, ரிலேக்கள், போர்டு. ஒவ்வொன்றுக்கும் தனியாக ஒரு சின்னத் தகடு, அதில் பொருள்களை மாட்டும் 35 மி.மீ. டின் ரெயில் ஒரு துண்டு. தகட்டின் மேல் விளிம்பில் சாவித்துவாரம் மாதிரி இரண்டு ஓட்டை, கீழே சாதாரண ஓட்டை இரண்டு. மேல் ஸ்குரூக்களைத் தளர்த்தினால் போதும், கீழ் இரண்டை மட்டும் கழற்றி, தகட்டைச் சற்று மேலே தூக்கினால் கையோடு வந்துவிடும். மாற்றுத் தகடு ஒன்றைப் பணிமேசையிலேயே ஒயர் செய்து வைத்துக்கொண்டால், இடத்தில் செய்ய வேண்டிய வேலை மாட்டுவது மட்டும்தான்.

இங்கே ஒரு எச்சரிக்கை. பெயின்ட் அடித்த தகட்டை ஸ்குரூ போட்டு மாட்டிவிட்டால் எர்த் கிடைத்துவிட்டது என்று நினைக்காதீர்கள். பெயின்ட் மின்சாரத்தைக் கடத்தாது. ஒவ்வொரு தகட்டுக்கும் தனி எர்த் ஒயர், நுனியில் லக் (ஸ்குரூ நுழையும் உலோக வளையம்) போட்டு, பெயின்ட்டைச் சுரண்டிய இடத்தில் பல் வைத்த வாஷரோடு முறுக்க வேண்டும். கீல் போட்ட இரும்புக் கதவுக்கும் இதேதான். கீல் வழியாகப் போகும் எர்த்தை நம்பக் கூடாது. அப்புறம் எல்லா இடத்திலும் எர்த் ஒயரைத்தான் மற்றவற்றைவிடக் கொஞ்சம் நீளமாக விடுவேன். யாராவது கேபிளை இழுத்தாலும், தகடு நழுவினாலும் கடைசியாகப் பிடுங்கிக்கொண்டு வருவது அதுவாக இருக்க வேண்டும்.

பகுதிகளுக்கு இடையே கனெக்டர் வைக்கும்போது கை தாராளமாகிவிடும். எனக்கும் ஒரு காலத்தில் ஆகியிருந்தது. எல்லாவற்றையும் பிளக் ஆக்கினேன். ஆனால் ஒவ்வொரு கனெக்டரும் சூடேறவும், தளரவும், துருப்பிடிக்கவும் இன்னொரு இடம். இப்போது கன்ட்ரோல் ஒயர்களுக்கு மட்டும் கனெக்டர். மோட்டாருக்குப் போகும் தடித்த ஒயர்கள் டெர்மினலிலேயே இருக்கட்டும். மூன்று ஸ்குரூவைக் கழற்ற எவ்வளவு நேரம் ஆகிவிடப் போகிறது?

கனெக்டரில் எந்தப் பக்கம் பின், எந்தப் பக்கம் சாக்கெட் என்பதை விளையாட்டாக முடிவு செய்யக் கூடாது. மின்சாரம் வருகிற பக்கம் சாக்கெட், வாங்குகிற பக்கம் பின். பிடுங்கிக் கையில் வைத்திருக்கும்போது வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் பின்னில் மின்சாரம் இருக்கவே கூடாது. இதைப் பெட்டிக்குப் பெட்டி பார்க்காமல் கோட்டுக்குக் கோடு பாருங்கள். போர்டுக்குள் போகும் சப்ளையில் போர்டு வாங்குகிற பக்கம். அதே போர்டு காண்டாக்டர் காயிலுக்கு (அதை இழுக்கும் கம்பிச்சுருள்) கொடுக்கும் கோட்டில் போர்டு கொடுக்கிற பக்கம். ஒரே கனெக்டரில் இரண்டையும் கலந்தால் ஏதோ ஒரு பக்கம் மாட்டிக்கொள்வீர்கள். அதனால் இரண்டு கனெக்டர், வேறு வேறு பின் எண்ணிக்கையில்: ஒன்று 4 பின் என்றால் மற்றது 6. மாற்றிச் செருக முடியாது. ஒரே அளவில்தான் கிடைக்கிறது என்றால் செருகுவதைத் தடுக்கும் சின்னக் கோடிங் துண்டுகள் கிடைக்கும், அவற்றைப் போடுங்கள். நிறத்தை மட்டும் நம்பாதீர்கள், அவசரத்தில் யாரும் நிறம் பார்ப்பதில்லை. இன்னொன்று, சாதாரண கனெக்டரை மின்சாரம் ஓடிக்கொண்டிருக்கும்போது பிடுங்கக் கூடாது. பொறி பறந்து பின் கருகும். முதலில் ஸ்விட்சை அணையுங்கள்.

ஒயர் நுனிதான் பெட்டியின் ஆயுளைத் தீர்மானிக்கிறது என்பேன். இழை ஒயரை அப்படியே டெர்மினலுக்குள் திணித்தால் சில இழைகள் வெளியே நின்று பக்கத்து டெர்மினலைத் தொடும். இழைகளைச் சேர்த்துப் பிடிக்கும் சின்ன உலோகக் குழலான ஃபெரூலைப் போட்டு, அதற்கான கிரிம்பிங் கருவியால் அழுத்த வேண்டும். கட்டிங் பிளேயரால் நசுக்குவது கிரிம்பிங் ஆகாது. சிலர் நுனியில் ஈயம் பூசிவிட்டு ஸ்குரூவை முறுக்குவார்கள். பார்க்க அழகாக இருக்கும். ஆனால் ஈயம் மென்மையான உலோகம், அழுத்தத்தில் மெல்ல மெல்ல நெகிழ்ந்துகொடுக்கும். சில மாதத்தில் ஸ்குரூ தளர்ந்து, தளர்ந்த இடம் சூடாகி, டெர்மினல் பழுப்பாகும். நான் மாற்றிய கருகிய டெர்மினல்களில் ஈயம் பூசிய நுனியை எத்தனையோ தடவை பார்த்திருக்கிறேன்.

ஸ்குரூ டெர்மினலா, ஸ்பிரிங் டெர்மினலா என்று கேட்டால், மோட்டார் அதிர்கிற இடத்தில் ஸ்பிரிங்தான் என் தேர்வு. ஸ்பிரிங் தானாகவே பிடித்துக்கொண்டிருக்கும். ஸ்குரூ என்றால் டார்க் ஸ்குரூடிரைவர் வேண்டும், தயாரிப்பாளர் தாளில் போட்டிருக்கும் அளவுக்கு முறுக்க வேண்டும். கை பலத்தை வைத்து முறுக்கியதில் நான் மரையையும் கெடுத்திருக்கிறேன், தளர்வாகவும் விட்டிருக்கிறேன்.

ஒயரை எவ்வளவு நீளம் விடுவது? நுனி கருகினால் வெட்டி மறுபடி ஃபெரூல் போட ஒவ்வொரு தடவையும் 15 மி.மீ. அளவில் போகும். இரண்டு மூன்று தடவைக்கு மிச்சம் இருக்கும்படி 50 மி.மீ. கூடுதலாக விடுவேன். தகட்டோடு வெளியே வர வேண்டிய ஒயர் என்றால், தகட்டை முன்னால் சாய்த்துப் பின்பக்கம் பார்க்கும் அளவுக்கு, ஏறத்தாழ 150 மி.மீ. இந்த மிச்சத்தை வட்டமாகச் சுற்றாமல் டக்ட்டுக்குள் (ஒயர்கள் ஓடும், மூடி போட்ட கால்வாய்) ஒரு வளைவாக விட்டால் போதும். டக்ட்டையும் முழுக்க அடைக்காதீர்கள். கட்டி முடிக்கும்போது மூன்றில் ஒரு பங்காவது காலியாக இருந்தால்தான் மூன்று வருஷம் கழித்து ஒரு ஒயர் கூட்டும்போது மூடி மூடும். டின் ரெயிலிலும் அப்படித்தான். எம்சிபியில் ஒரு போல், அதாவது ஒரு கோட்டை வெட்டும் பகுதி, ஏறத்தாழ 18 மி.மீ. அகலம், நாலு போலுக்காவது, அதாவது 72 மி.மீ. ரெயிலைச் சும்மா விடுவேன். காலியாக வைத்த இடத்துக்காக வருத்தப்பட்டதே இல்லை.

கேபிள் டை போட்டு ராணுவ வரிசையாக இறுக்கும் பழக்கத்தையும் விட்டுவிட்டேன். அந்த டையை வெட்டப்போய் ஒயர் உறையையும் வெட்டிவிடுவோம். திறந்து மூடும் வெல்க்ரோ பட்டை போதும். கதவில் பொத்தான், விளக்கு இருந்தால் அங்கே போகும் கட்டை மட்டும் ஒழுங்காகக் கவனியுங்கள். பெட்டியின் உடம்புப் பக்கம் ஒரு பிடி, கதவுப் பக்கம் ஒரு பிடி, இரண்டுக்கும் நடுவே கட்டு கீலுக்கு இணையாக மேலும் கீழுமாக ஓட வேண்டும். அப்போது கதவு திறக்கும்போது ஒயர் மடியாது, லேசாக முறுகும். மடிகிற ஒயர் ஒரு நாள் உள்ளுக்குள்ளேயே அறும். அந்தப் பழுதைக் கண்டுபிடிப்பது போல எரிச்சலான வேலை வேறு இல்லை. கதவைத் திறந்தால் வேலை செய்யும், மூடினால் செய்யாது.

நம்பர் விஷயம் சுருக்கமாக. ஒவ்வொரு ஒயருக்கும் இரண்டு முனையிலும் ஒரே நம்பர், டெர்மினலிலும் நம்பர். நம்பர் குழாயை ஃபெரூல் போடுவதற்கு முன்னாலேயே மாட்ட வேண்டும். இதை இன்றும் மறந்து நுனியை வெட்டுகிறேன். பொருள்களின் பெயரை டக்ட் மூடியில் ஒட்டாதீர்கள். மூடியைக் கழற்றி இன்னொரு டக்ட்டில் மாட்டிவிட்டால் பெயர்ப்பலகை பொய் சொல்லும். தகட்டில் ஒட்டுங்கள். சர்க்யூட் தாள் கதவின் உள்பக்கப் பையில், கூடவே ஒரு பென்சில். பென்சில் இல்லாவிட்டால் மாற்றத்தை யாரும் தாளில் குறிக்க மாட்டார்கள்.

கேபிள்கள் கீழே இருந்து நுழையட்டும். மேலே ஓட்டை போட்டால் என்ன சீல் வைத்தாலும் தண்ணீர் கேபிளோடு இறங்கி வரும். ஐபி 65 என்று போட்ட பெட்டியில் முதல் எண் தூசிக்கு, இரண்டாவது எண் தண்ணீருக்கு. 65 என்றால் தூசி நுழையாது, பீச்சியடிக்கும் தண்ணீரையும் தாங்கும். ஆனால் நீங்கள் ஓட்டை போட்டு மாட்டுகிற மட்டமான கிளாண்ட் (கேபிளைச் சுற்றி இறுக்கி அடைக்கும் பிடி) என்ன தாங்குமோ, அதுதான் இனி அந்தப் பெட்டி தாங்கும் அளவு. ஒரு கிளாண்டில் ஒரு கேபிள். இரண்டைச் சேர்த்து நுழைத்தால் நடுவே சந்து விழும். இரண்டுக்கென்றே ஓட்டை போட்ட ரப்பர் கிடைக்கிறது, அதை வாங்குங்கள். கிளாண்ட்களைப் பெட்டியில் நேராக மாட்டாமல், கழற்றக்கூடிய அடித்தகடு ஒன்றில் மாட்டினால் பின்னாளில் ஒரு கேபிள் கூடும்போது அந்தத் தகட்டை மட்டும் வெளியே கொண்டுபோய்த் துளை போடலாம். ஒயர் செய்த பெட்டிக்குள் டிரில் போட்டு இரும்புத் துகளைக் காண்டாக்டருக்குள் விழவைத்த அனுபவம் எனக்கு உண்டு. ஒரு வாரம் கழித்துத்தான் வெடித்தது.

இறுக்கி அடைத்தால் தண்ணீர் வராது என்பதும் முழு உண்மையில்லை. வெயிலில் சூடான பெட்டி மாலை மழையில் சட்டென்று குளிரும்போது உள்ளே காற்று சுருங்கி, சீலின் சந்து வழியாக ஈரத்தை உள்ளே இழுக்கும். அடியில் ஒரு பிரீதர் மாட்டுங்கள்: காற்று போய்வரும், சேர்ந்த நீரும் வடியும். உள்ளே பிறக்கும் சூட்டையும் கணக்குப் பாருங்கள். 60 வாட் கொடுக்கும் பவர் சப்ளை 90 சதவீதத் திறனில் ஓடினால் 7 வாட்டுக்குக் கொஞ்சம் குறைவாக வெறும் சூடாக உள்ளே விடுகிறது. சூடு மேலே போகும் என்பதால் அதை மேல்வரிசையில், சுற்றிலும் இடம் விட்டு வைப்பேன். டெர்மினல்கள் கீழே, கேபிள் நுழையும் இடத்துக்குப் பக்கத்தில்.

ஸ்குரூக்களில் கஞ்சம் வேண்டாம். மூடியின் ஸ்குரூ கழன்றாலும் கீழே விழாமல் மூடியிலேயே தொங்கும் வகையாக இருக்கட்டும். பிளாஸ்டிக் பெட்டி என்றால் பித்தளை மரைத் துண்டு பதியுங்கள். பிளாஸ்டிக்கில் நேரடியாக வெட்டிய மரை பத்துத் தடவை திறந்தால் வழுக்கும். பெட்டி முழுவதற்கும் ஒரே ஒரு ஸ்குரூடிரைவர் போதும்படி தலைகளைத் தேர்ந்தெடுப்பது எனக்கு ஒரு பைத்தியம். ஏணி மேல் நிற்பவருக்கு அது தெரியும்.

ஐசொலேட்டரை அணைத்தாலும் அதன் உள்வரும் முனையில் மின்சாரம் இருந்துகொண்டுதான் இருக்கும். அந்த முனைக்குத் தனி மூடி கட்டாயம். வேறு இடத்திலிருந்தும் ஒரு கோடு உள்ளே வருகிறது என்றால் கதவைத் திறந்ததும் கண்ணில் படும்படி எழுதி ஒட்டுங்கள். வேலைக்கு முன் ஐசொலேட்டரைப் பூட்டி, டெஸ்டரை மின்சாரம் உள்ள இடத்தில் சரிபார்த்து, பெட்டியில் சோதித்து, மறுபடி உள்ள இடத்தில் சரிபாருங்கள். நடுவில் டெஸ்டர் செத்துப்போனாலும் தெரிந்துவிடும். மெயின் இணைப்பை உங்கள் நாட்டு விதிப்படி உரிமம் உள்ளவர்தான் கொடுக்க வேண்டும்.

தகடு வெட்டுவதற்கு முன்னால் அட்டையில் ஒரு பெட்டி செய்து, பொருள்களை உள்ளே வைத்துக் கை போகிறதா என்று பாருங்கள். ஸ்குரூடிரைவரோடு, இடது கையாலும். கட்டி முடித்த பிறகு ஒயர் செய்யாத ஒருவரைக் கூப்பிட்டு, எதுவும் சொல்லாமல் ஒரு பொருளை மாற்றச் சொல்லுங்கள். போன தடவை என்னோடு வேலை செய்யும் பையனிடம் டைமரை மாற்றக் கொடுத்தேன். 11 நிமிடம் எடுத்தான். அதில் 4 நிமிடம் டைமருக்கு எந்த ஃபியூஸ் என்று தேடியதற்குப் போனது. டக்ட்டின் நிழலில் விழுந்திருந்த அந்த ஃபியூஸின் லேபிளை இரண்டு விரல் அகலம் மேலே நகர்த்தி ஒட்டினேன்.