ஊட்டியிலிருந்து மைசூருக்கு வேனில் போகிறவர்களுக்கு

சென்னையிலிருந்து குடும்பத்தோடு ஊட்டி வருகிறவர்கள் திரும்பும்போது மைசூர் வழியாகப் போகலாம். நீலகிரி எக்ஸ்பிரஸில் மேட்டுப்பாளையம், அங்கிருந்து காலை மலை ரயில், அப்புறம் வேனில் கூடலூர், முதுமலை, பந்திப்பூர் வழியாக மைசூர். இரவு காவேரி எக்ஸ்பிரஸ் பிடித்தால் காலையில் சென்னை. மலை ரயிலுக்கு மட்டும் முன்பதிவை முதலில் முடித்துவிடுங்கள்.

வேனை ஊட்டியிலேயே பேசுவது நல்லது. வெளியூர் வண்டிகள் நீலகிரிக்குள் வர இ-பாஸ் எடுக்க வேண்டும்; நீலகிரிப் பதிவு (டிஎன் 43) வண்டிக்கு அந்தத் தொல்லை இல்லை. ஆனால் மாநில எல்லை தாண்ட கர்நாடக வரி தனி. அது வாடகையில் சேர்ந்ததா என்று முன்பணம் கொடுக்கும் முன்பே கேளுங்கள். கக்கநல்லா சோதனைச் சாவடியில் நின்றுகொண்டு கேட்டால் பேரத்துக்கு வழியே கிடையாது!

பந்திப்பூர் காட்டுச்சாலை இரவு 9 முதல் காலை 6 மணி வரை மூடப்படும். இந்தக் கணக்கு உங்களுக்கு மட்டுமல்ல, ஓட்டுநருக்கும்தான். உங்களை இறக்கிவிட்டு 9 மணிக்குள் அவர் காட்டைத் தாண்டாவிட்டால் இரவு அந்தப் பக்கமே தங்க வேண்டும். அந்த இரவுக்கான ஓட்டுநர் படியும் (பேட்டா) உங்கள் தலையில்தான் விழும். அதனால் காலை 7 மணிக்கே கிளம்பிவிடுங்கள். மதியச் சாப்பாடு மைசூரில், சரியா?

காட்டுக்குள் வண்டியை நிறுத்தி இறங்கக் கூடாது. குழந்தைகள் எவ்வளவு கெஞ்சினாலும் குரங்குக்கு பிஸ்கட் போடாதீர்கள்; அபராதம் உண்டு.