அமெரிக்கா போன சுவிஸ் முன்னோர்களைத் தேடுவது எப்படி?

அமெரிக்கக் குடும்பம் ஒன்றுக்குச் சுவிஸ் பூர்வீகம் என்று தெரிந்ததும், பலரும் கொள்ளுத்தாத்தா பிறந்த ஊரைத் தேடிக் கிளம்பிவிடுவார்கள். அது போதாது. சுவிட்சர்லாந்தில் ஒரு குடும்பத்தின் விவரமெல்லாம் ஒரே இடத்தில் கிடைப்பது, அந்தக் குடும்பம் பரம்பரையாகக் குடியுரிமை வைத்திருக்கும் பூர்வீக ஊரில். ஜெர்மன் ஆவணங்களில் இதை ‘ஹைமாட்ஓர்ட்’ என்று போட்டிருப்பார்கள். டென்னிஸ் வீரர் ரோஜர் ஃபெடரர் பிறந்தது பாசலில், பூர்வீக ஊர் பெர்னெக். சுவிஸ் பாஸ்போர்ட்டில் இன்றும் இந்த ஊர்தான் இருக்கும். யாழ்ப்பாணத்தில் பிறந்து சுவிஸ் குடியுரிமை வாங்கிய தமிழருக்கும் அப்படித்தான். குடியுரிமை கொடுத்த ஊரின் பெயர் வந்துவிடும்.

நம் வேலை முழுக்க அந்த ஊரைக் கண்டுபிடிப்பதுதான்.

படி 1: அமெரிக்கப் பக்கத்தை முதலில் முடியுங்கள்

வம்சாவளி ஆவணங்களைத் தேட உதவும் ஃபேமிலிசர்ச் இணையதளத்தில் இலவசக் கணக்கு ஒன்று திறந்துகொள்ளுங்கள். மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் பின்னோக்கிப் போங்கள். வீட்டில் இருந்த எல்லோர் பெயரும் 1850-இலிருந்து கிடைக்கும். 1900 கணக்கெடுப்பில் அமெரிக்கா வந்த ஆண்டையும் கேட்டிருப்பார்கள். 1890 பதிவுகள் பெரும்பாலும் தீ விபத்துக்குப் பின் அழிந்துபோயின, அங்கே நேரத்தைச் செலவழிக்க வேண்டாம்.

இவற்றில் பிறந்த இடம் பெரும்பாலும் வெறும் ‘சுவிட்சர்லாந்து’ என்றுதான் இருக்கும். ஊர்ப் பெயர் வேண்டுமென்றால் கல்லறைக் கல், தேவாலயப் பதிவு, உள்ளூர் ஜெர்மன் பத்திரிகையில் வந்த இரங்கல் செய்தி ஆகியவற்றைப் பாருங்கள். குடியுரிமை விண்ணப்பம் 1906-க்குப் பிந்தையதாக இருந்தால் பிறந்த ஊரும் இருக்கும்.

படி 2: பக்கத்து வீட்டையும் பாருங்கள்

சுவிஸ்காரர்கள் பல இடங்களில் ஊரோடு ஊராகக் கிளம்பிப் போனவர்கள். விஸ்கான்சினில் உள்ள நியூ கிளாரஸ், சுவிட்சர்லாந்தின் கிளாரஸ் மாநிலத்தவர் 1845-இல் உருவாக்கியது. இண்டியானாவின் பெர்ன் நகரை 1852-இல் மென்னோனைட் என்ற கிறிஸ்தவ சபையினர் அமைத்தார்கள். உங்கள் ஆளின் ஊர் தெரியாவிட்டாலும் அக்கம்பக்கத்தாரின் ஊர் தெரிந்தால் பாதி வேலை முடிந்த மாதிரி.

பெயர் மாறியிருக்கும் என்பதையும் மறக்காதீர்கள். ம்யூலர் மில்லர் ஆனார், ட்ஸிம்மர்மன் கார்ப்பென்டர் ஆனார். ஜனாதிபதி ஹெர்பர்ட் ஹூவரின் முன்னோர் ஹூபர்.

படி 3: குடும்பப் பெயரை வைத்து ஊரைப் பிடியுங்கள்

சுவிஸ் குடும்பப் பெயர்ப் பட்டியல் ஒன்று, சுவிட்சர்லாந்து வரலாற்று அகராதியின் இணையதளத்தில் இலவசமாக இருக்கிறது. 1962-இல் எந்தெந்த ஊரில் எந்தெந்தக் குடும்பங்களுக்குக் குடியுரிமை இருந்தது, அது 1800-க்கு முன்பே இருந்ததா, பின்னால் வாங்கியதா என்பதெல்லாம் அதில் தெரியும். 1800-க்கு முந்தையதை மட்டும் எடுத்துக்கொண்டால் பட்டியல் நன்றாகக் குறைந்துவிடும்.

கரும்பொருள் (டார்க் மேட்டர்) பற்றி 1933-இல் எழுதிய வானியலாளர் ஃபிரிட்ஸ் ஸ்விக்கியைப் பாருங்கள். 1925-இல் கலிஃபோர்னியா போனவர். பிறந்தது பல்கேரியாவின் வார்னாவில். பிறந்த ஊரை மட்டும் நம்பினால் பல்கேரியாவில் போய் நிற்போம். குடும்பத்தின் பூர்வீக ஊரோ கிளாரஸ் மாநிலத்து மோல்லிஸ். அவரை அடக்கம் செய்ததும் அங்கேதான்.

ஒரு சின்ன எச்சரிக்கை: ஊராட்சிகள் பல இணைக்கப்பட்டுவிட்டன. மோல்லிஸ் 2011 முதல் கிளாரஸ் நோர்ட் என்ற பெரிய ஊராட்சியில் அடக்கம். பழைய பெயர், புதிய பெயர் இரண்டையும் குறித்துக்கொள்ளுங்கள்.

படி 4: பதிவேடுகளுக்குள் இறங்குங்கள்

1876 முதல் நாடு முழுக்க அரசுப் பதிவு. சமீப காலப் பதிவுகளுக்கு அனுமதி வேண்டும். அதற்கு முன்னால் எல்லாம் தேவாலயப் பதிவேடுகள்தான். சீர்திருத்த (புராட்டஸ்டன்ட்) சபை ஊர்களில் சில 1500-களிலேயே தொடங்கிவிடும். பேர்ன் மாநில ஆவணக் காப்பகம் தன் பதிவேடுகளை இணையத்தில் போட்டிருக்கிறது.

ஊராட்சி ஏன் தன் ஆட்களை இவ்வளவு கவனமாக எழுதி வைத்தது? ஏழையாகிப்போன குடிமகனுக்குச் சோறு போடும் பொறுப்பு அந்தக் காலத்தில் பூர்வீக ஊரின் தலையில்தான் இருந்தது. அந்தச் செலவைத் தவிர்க்கச் சில ஊராட்சிகள் ஏழைகளுக்குக் கப்பல் கட்டணம் கொடுத்தே அனுப்பிவைத்தன. ஆர்காவ் மாநிலத்து ரோத்ரிஸ்ட், 1855-இல் 305 பேரை இப்படி அமெரிக்காவுக்கு ஏற்றிவிட்டது. எனவே ஊராட்சிக் கூட்டக் குறிப்புகளையும் கணக்குப் புத்தகங்களையும் கேட்டுப் பாருங்கள். உருக்கமான கதையெல்லாம் வரவு செலவுப் பக்கத்தில்தான் ஒளிந்திருக்கும்!

படி 5: எழுத்தைப் பழகுங்கள்

பழைய ஜெர்மன் கையெழுத்து, குர்ரென்ட், முதலில் கோழிக் கிறுக்கலாகத்தான் தெரியும். தெரிந்த பெயர்களை வைத்து எழுத்துகளை ஒவ்வொன்றாகப் பிடியுங்கள். சில இடங்களில் ஏமாறாதீர்கள்: மாதத்துக்கு 7 போட்டுப் பக்கத்தில் ‘பெர்’ என்று இருந்தால் அது ஜூலை அல்ல, செப்டம்பர். 8 அக்டோபர், அப்படியே 10 டிசம்பர் வரை. இரட்டைக் குடும்பப் பெயரில் முதலாவது கணவருடையது, இரண்டாவது மனைவியின் பிறந்த வீட்டுப் பெயர். ஞானஸ்நானப் பதிவில் ஞானப்பெற்றோர் பெயர்களையும் விடாமல் எழுதுங்கள். பெரும்பாலும் சித்தப்பாவோ அத்தையோதான்.

அப்புறம், காப்பகத்துக்கு மின்னஞ்சல் அனுப்பும்போது ஒரு கடிதத்தில் ஒரே ஒருவரைப் பற்றிக் கேளுங்கள். பெயர், மதம், ஏறத்தாழப் பிறந்த ஆண்டு, பூர்வீக ஊர் இவ்வளவும் இருக்கட்டும். கிளாரஸ் குடும்பம் என்றால், குப்ளி-ம்யூலர் என்பவர் மாநிலக் குடும்பங்களுக்கு ஊர்வாரியாகக் கையால் எழுதிய வம்சாவளித் தொகுதிகள் அங்குள்ள காப்பகத்தில் இருக்கின்றன. அதில் தேடித் தரச் சொல்லுங்கள்.