பிளாட் வீட்டுக் கீரைத் தொட்டி: எடை முக்கியம்

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் தோட்டத்து வீட்டிலிருந்து அடுக்குமாடி பிளாட்டுக்கு வந்தவர்கள், பழக்கதோஷத்தில் வாளி நிறைய மண்ணை அள்ளி மாடிக்கு ஏற்றுகிறார்கள். வேண்டாம். 20 லிட்டர் வாளி ஈரமண் 30 கிலோவைத் தாண்டும். களிமண் இறுகினால் வேரும் அழுகும். தேங்காய்நார்த் தூள் 2 பங்கு, மக்கிய உரம் 1 பங்கு, மணல் அரைப் பங்கு போதும். தூளை இருமுறை அலசிப் பிழியுங்கள், உப்பு இருக்கும். தொட்டியின் அடியில் சுண்டுவிரல் பருமனில் 6 ஓட்டை போடுங்கள்.

கங்கோங் என்னும் வள்ளைக்கீரைக்கு 15 செ.மீ. ஆழமே தாராளம். நாலைந்து வாரத்தில், அடியில் இரண்டு கணு விட்டு அறுத்தால் மறுபடி துளிர்க்கும்.

தொட்டிக்கடியில் தட்டு இருந்தால் வாரம் இருமுறை கவிழ்த்துத் தேயுங்கள். டெங்கு பரப்பும் ஏடிஸ் கொசுவின் முட்டை தட்டின் ஓரத்தில் ஒட்டியிருக்கும். நீரைக் கொட்டினால் மட்டும் போகாது. படிக்கட்டில் தொட்டியே கூடாது, தீப்பிடித்தால் அதுதான் வெளியேறும் வழி.