பிரித்தானியக் குடியுரிமைத் தேர்வு: ஆண்டுகளைக் கோத்துப் படியுங்கள்

பிரித்தானியக் குடியுரிமைக்கு முன்னர் எழுத வேண்டிய 'லைஃப் இன் த யூகே' தேர்வில் 45 நிமிடங்களில் 24 கேள்விகளுக்கு விடையளிக்க வேண்டும். அவற்றுள் 18 சரியாக இருந்தால் தேர்ச்சி. பலரையும் தடுமாற வைப்பவை ஆண்டுகளே. அவற்றைத் தனித்தனியாக மனப்பாடம் செய்யாமல், அதிகாரம் மன்னரிடமிருந்து மக்களிடம் வந்து சேர்ந்த ஒரே கதையாகக் கோத்துப் படியுங்கள்.

மன்னரும் சட்டத்துக்குக் கட்டுப்பட்டவரே என்று 1215இல் மாக்னா கார்ட்டா என்ற உரிமைப் பட்டயம் நிலைநாட்டியது. நாடாளுமன்றத்தோடு போரிட்டுத் தோற்ற மன்னர் முதலாம் சார்லஸ் 1649இல் தலை துண்டிக்கப்பட்டார். 1689ஆம் ஆண்டின் உரிமைச் சட்டம் நாடாளுமன்றத்தின் கையை உறுதியாக ஓங்கச் செய்தது.

அடுத்து வாக்குரிமை. பெண்கள் நெடுங்காலம் போராடிய பிறகு 1918இல் 30 வயது கடந்தவர்களில் பலருக்கு மட்டுமே அது கிடைத்தது. ஆண்களைப் போலவே 21 வயதில் வாக்களிக்கும் உரிமை 1928இல் வந்தது. 1969இல் அந்த வயது இருபாலருக்கும் 18 ஆகக் குறைந்தது. 30, 21, 18 என்று வயது இறங்கிவரும் இந்த வரிசையை ஒரு துண்டுத் தாளில் எழுதிக் குளிர்சாதனப் பெட்டிக் கதவில் ஒட்டிவையுங்கள். தேநீருக்குப் பால் எடுக்கும்போதெல்லாம் கண்ணில் படும்.

இன்னொன்றையும் கவனியுங்கள்: கிரேட் பிரிட்டன் என்பதில் வட அயர்லாந்து அடங்காது, ஐக்கிய இராச்சியம் என்பதில் அடங்கும்.