பெப்சி பாசியைத் தேடலாம் வாங்க: ஆய்வுக்கட்டுரை படிக்கவும் ஆய்வாளர் பக்கம் தொடங்கவும்

மண்டபம், தொண்டி, கீழக்கரைப் பக்கம் கடல் உயிரியல் படிக்கச் சேர்ந்திருக்கும் புது மாணவர்களுக்காக இதை எழுதுகிறேன். உதாரணத்துக்கு, நம் கரையில் மிதவை கட்டி வளர்க்கும் பெப்சி பாசி என்ற கடற்பாசியையே எடுத்துக்கொள்வோம்.

1. தேடுவது

ஆய்வுக்கட்டுரைகளைத் தேடித் தரும் கூகுள் ஸ்காலரில் 'பெப்சி பாசி' என்று அடித்தால் ஒன்றும் தேறாது. கப்பாபைகஸ் அல்வரேசி (Kappaphycus alvarezii) என்ற அறிவியல் பெயரை ஆங்கில எழுத்தில் போட்டு, கூடவே மன்னார் வளைகுடா, பாக் விரிகுடா, மண்டபம் என்று இடத்தை மாற்றி மாற்றிப் பாருங்கள். பழைய கட்டுரைகளில் நம் ராமநாதபுரம் மாவட்டம் 'ராம்நாடு' என்றும் இருக்கும்.

பணம் கேட்கும் கட்டுரையா? அதன் கீழே எல்லாப் பதிப்புகளையும் காட்டும் இணைப்பை அழுத்துங்கள். பல நேரம் இலவசப் பிடிஎஃப் அகப்படும். மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தின் இ-பிரிண்ட்ஸ் களஞ்சியத்தையும் துழாவுங்கள். 1971-இல் கொச்சிக்குப் போகும்வரை அதன் தலைமையகம் மண்டபத்தில்தான் இருந்தது. நம் கடலைப் பற்றிய பழைய சரக்கு அங்கே ஏராளம்.

2. படிப்பது

முதல் வரியிலிருந்து வரிசையாகப் படிக்க வேண்டாம். சுருக்கம், அப்புறம் படங்களும் அட்டவணைகளும், கடைசியாக முடிவுரை. தேவையில்லாத கட்டுரைகள் இந்த முதல் சுற்றிலேயே கழிந்துவிடும்.

மிஞ்சியதை இரண்டாம் சுற்றில் நிதானமாகப் படியுங்கள். என்னைக் கேட்டால் செய்முறைப் பகுதிதான் கட்டுரையின் உயிர். எந்த மாதம், எந்தக் கடல் என்று முதலில் பாருங்கள். வடகிழக்கிலிருந்து வரும் வாடைக்காற்றில் வடகடல், அதாவது பாக் விரிகுடா, கொந்தளிக்கும். தென்மேற்குக் காற்றான கச்சான் வீசும்போது தென்கடலின், அதாவது மன்னார் வளைகுடாவின், முறை. ஒரு பக்கம் கிடைத்த வளர்ச்சி விகிதத்தை மறுபக்கத்துக்கு அப்படியே தூக்கிப் போட முடியாது. மிதவை வழக்கமான 3 மீட்டருக்கு 3 மீட்டர் மூங்கில் சட்டமா, அறுவடை 45 நாளிலா? எடை பச்சையாகப் போட்டதா, காயவைத்தா? காய்ந்தால் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்குதான் மிஞ்சும் என்பதால், இது தெரியாமல் கிலோ கணக்கை மட்டும் நோட்டில் எழுதிப் பயனில்லை.

ஒரே கட்டுரையோடு நிறுத்தவும் கூடாது. மன்னார் வளைகுடாவின் குருசடைத் தீவுப் பவளங்கள்மேல் இந்தப் பாசி படர்கிறது என்று 2008-இல் 'கரண்ட் சயின்ஸ்' இதழில் ஒரு கட்டுரை வந்தது. பாதிப்பு சின்னப் பரப்போடு நிற்கிறது என்று சொல்லும் கட்டுரைகளும் உண்டு. ஸ்காலரில் ஒரு கட்டுரையை மேற்கோள் காட்டியவற்றின் பட்டியலைத் திறந்தால் இப்படிப்பட்ட எதிர்க்கட்சிகளைப் பிடிக்கலாம். எங்கே முங்கிப் பார்த்தார்கள், எந்த ஆண்டு, நிதி கொடுத்தது யார் என்று இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். நிதி விவரம் பெரும்பாலும் நன்றியுரையில் இருக்கும்.

3. உங்கள் பெயரில் ஒரு பக்கம்

முதல் கட்டுரை அச்சேறும் முன்பே, ஆய்வாளர்களுக்கு ஆளுக்கொரு அடையாள எண் தரும் ஆர்கிட் (ORCID) தளத்தில் பதிவு செய்துவிடுங்கள். இலவசம்தான், 16 இலக்க அடையாளம் ஒன்று தருவார்கள். நமக்கு இது ரொம்பவே தேவை. சான்றிதழில் இனிஷியல், ஆதாரில் அப்பா பெயர் முழுசாக, கருத்தரங்க மலரில் முன்பின்னாக என்று ஒரே ஆள் மூன்று பேராகித் திரிவது இங்கே சகஜம். ஒரு வடிவத்தைத் தேர்ந்தெடுத்து எல்லாக் கட்டுரையிலும் அதையே போடுங்கள். மற்ற வடிவங்களை ஆர்கிட்டில் மாற்றுப் பெயர்களாகச் சேர்க்கலாம். கல்லூரி மின்னஞ்சலோடு சொந்த மின்னஞ்சலையும் கொடுங்கள். படிப்பு முடிந்தால் கல்லூரி முகவரி போய்விடலாம்.

கட்டுரை வந்த பிறகு கூகுள் ஸ்காலரில் உங்கள் பெயரில் ஒரு பக்கம் தொடங்குங்கள். அங்கே புதுக் கட்டுரைகளைத் தானாகச் சேர்க்கும் வசதி இருக்கிறது. அதை மாற்றி, சேர்க்கும் முன் உங்களிடம் மின்னஞ்சலில் கேட்கும்படி வையுங்கள். இல்லாவிட்டால் அதே இனிஷியல் உள்ள வேறொருவரின் இதயநோய்க் கட்டுரை உங்கள் பாசிக் கட்டுரைக்குப் பக்கத்தில் வந்து உட்காரும். நேர்காணலில் அது மானத்தை வாங்கிவிடும்.

ஆய்வாளர்கள் கட்டுரைகளைப் பகிரும் ரிசர்ச்கேட் தளத்தில் முழுப் பிடிஎஃப் ஏற்றுவதற்கு முன் இதழின் பதிப்புரிமை விதியைப் படியுங்கள். பல இதழ்கள் அச்சான வடிவத்துக்கு அனுமதி தராவிட்டாலும், ஏற்கப்பட்ட கைப்பிரதியை எங்கே, எப்போது பகிரலாம் என்று தனியாகச் சொல்லியிருக்கும்.