சைல்ட் சப்போர்ட் கணக்கில் அரசாங்கக் காசு: எதைச் சேர்க்க வேண்டும், எதை விட வேண்டும் (ஒன்டாரியோ)

என் தங்கச்சிக்கும் அவளுடைய முன்னாள் கணவருக்கும் இடையிலான சைல்ட் சப்போர்ட் (பிரிந்த பெற்றோரில் ஒருவர் பிள்ளைகளின் செலவுக்காக மற்றவருக்குக் கொடுக்கும் காசு) கணக்கை அவளோடு உட்கார்ந்து போட்டு முடித்தேன். அப்போது எழுதி வைத்த குறிப்புகள்தான் இவை. அவர் வேலையிடத்தில் காயப்பட்டு இழப்பீடு வாங்குபவர், இவள் பிள்ளைகளுக்கான காசு வாங்குபவள். இரண்டு பக்கமும் அரசாங்கக் காசு இருந்ததால் எது வருமானம், எது இல்லை என்று யாரைக் கேட்டாலும் வேறு வேறு பதில் வந்தது. உண்மையில் விதி அவ்வளவு குழப்பமானதில்லை. நான் லோயர் இல்லை. உங்கள் வழக்கில் சிக்கல் இருந்தால் லீகல் எய்டையோ குடும்ப நீதிமன்றத்தில் உதவிக்கு இருக்கும் லோயரான டியூட்டி கவுன்சலையோ கேளுங்கள்.

படி 1: தாள்களைச் சேருங்கள்

கடைசி மூன்று வருட டாக்ஸ் ரிட்டர்ன், அசெஸ்மென்ட் நோட்டீஸ், வந்த ஸ்லிப்புகள் எல்லாம் வேண்டும். வேலையில்லாக் காப்புறுதிக்கு டி4ஈ, சிபிபிக்கு (கனடா ஓய்வூதியத் திட்டம்) டி4ஏ(பி), வேலையிட இழப்பீட்டுக்கும் வெல்ஃபெயருக்கும் டி5007. தாள் தொலைந்திருந்தால் மத்திய வரி அலுவலகமான சிஆர்ஏயின் மை அக்கவுன்ட் என்ற இணையக் கணக்கில் எல்லாம் இருக்கிறது. போனில் காத்திருப்பதைவிட அதுதான் நல்லது.

படி 2: 15000 என்ற வரியை (லைன் நம்பரை) பிடியுங்கள்

எல்லோரும் தடுக்குவது இங்கேதான், அதனால் கொஞ்சம் மெதுவாகப் போகிறேன். அசெஸ்மென்ட் நோட்டீஸில் மூன்று வருமானம் இருக்கும் (முன்னால் உள்ள எண் லைன் நம்பர், டாலர் தொகை இல்லை): 15000 மொத்த வருமானம், 23600 நிகர வருமானம், 26000 வரி போடும் வருமானம். சைல்ட் சப்போர்ட் வழிகாட்டு விதிகளின் 16ஆம் பிரிவு பார்க்கச் சொல்வது மொத்த வருமானத்தை, அதாவது 15000ஐ. பிள்ளைகளுக்கான பெனிஃபிட்டைக் கணக்கிட சிஆர்ஏ 23600ஐப் பார்ப்பதால் பலர் அதையே இங்கேயும் எழுதிவிடுகிறார்கள்.

எங்கள் விஷயத்தில் முன்னாள் கணவரின் பக்கத்திலிருந்து வந்தது 26000 வரியில் இருந்த தொகை. வேலையிட இழப்பீடு 14400 வரியிலும் வெல்ஃபெயர் 14500 வரியிலும் எழுதப்பட்டு மொத்த வருமானத்துக்குள் போகும். பிறகு கீழே 25000 வரியில் அந்தத் தொகை முழுவதும் கழிக்கப்படும், ஏனென்றால் அதற்கு வரி இல்லை. உதாரணத்துக்கு ஒருவருக்கு வருடம் 30,000 டாலர் இழப்பீடும் பகுதிநேர வேலையில் 12,000 டாலரும் வருகிறது என்று வையுங்கள். அவருடைய 15000 வரியில் 42,000 இருக்கும், 26000 வரியில் வெறும் 12,000தான் இருக்கும். இந்த 12,000ஐ வைத்துக் கணக்குப் போட்டால் பிள்ளைகளுக்கு அநேகமாக ஒன்றுமே கிடைக்காது. வரி இல்லாத காசு என்றால் வருமானம் இல்லை என்று அர்த்தமில்லை. இதை மறுபடி மறுபடி சொல்லத் தோன்றுகிறது, ஏனென்றால் இதை நம்பிக் குறைந்த தொகைக்குக் கையெழுத்துப் போட்டுவிடுகிற தாய்மார் இருக்கிறார்கள், அது பிள்ளைகளின் காசு.

படி 3: ஒவ்வொரு பெனிஃபிட்டாகப் பாருங்கள்

வேலையில்லாக் காப்புறுதி, சிபிபி ஓய்வூதியம், சிபிபி டிசபிலிட்டி, முதியோர் ஓய்வூதியம் எல்லாம் வருமானம்தான், 15000க்குள் ஏற்கனவே இருக்கின்றன. திரும்ப ஒரு முறை கூட்டிவிடாதீர்கள்.

வெல்ஃபெயரும் ஓடிஎஸ்பியும் (ஒன்டாரியோவின் மாற்றுத்திறனாளி உதவித் திட்டம்) கொஞ்சம் வேறு மாதிரி. விதிகளின் மூன்றாம் அட்டவணைப்படி, அந்தக் காசில் அந்த ஆளுக்கென்று வருகிற பங்கை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதைக் கழிக்க வேண்டும். வீட்டில் இருக்கும் பிள்ளைக்காகவோ புதுத் துணைக்காகவோ சேர்த்துக் கொடுக்கப்படும் தொகை அவருடைய வருமானம் ஆகாது. ஸ்லிப்பில் இந்தப் பிரிப்பு இருக்காது. அதனால் கேஸ் வேர்க்கரிடம் எழுத்தில் கேட்டு வாங்குங்கள், வாய்ச்சொல் நீதிமன்றத்தில் உதவாது.

கனடா சைல்ட் பெனிஃபிட், ஜிஎஸ்டி கிரெடிட், ட்ரிலியம் (ஒன்டாரியோவின் பெனிஃபிட்) இவை 15000 வரிக்குள் வருவதே இல்லை, அட்டவணைத் தொகைக்கு (வருமானத்தையும் பிள்ளைகளின் எண்ணிக்கையையும் வைத்து விதிகளின் அட்டவணை காட்டும் மாதத் தொகை) வருமானமாக எடுப்பதும் இல்லை. 2016 ஜூலைக்கு முந்திய கட்டுரைகளைப் படித்தால் யூசிசிபி என்று ஒன்றைக் கழிக்கச் சொல்வார்கள். அது வரி போட்ட பழைய திட்டம், இப்போது இல்லை, விட்டுவிடுங்கள்.

படி 4: வரி இல்லாத காசைச் சமப்படுத்துவது

அட்டவணை போடப்பட்டிருப்பது வரி கட்டுகிறவரின் மொத்தச் சம்பளத்தை வைத்து. 30,000 டாலர் சம்பளக்காரர் அதில் வரி கட்டிவிட்டு மீதியைத்தான் கையில் பார்க்கிறார், 30,000 டாலர் இழப்பீடு வாங்குபவருக்கோ முழுசாகக் கிடைக்கிறது. அதனால் 19ஆம் பிரிவின் கீழ் நீதிமன்றம் அந்தத் தொகையை வரிக்கு முந்திய அளவுக்கு உயர்த்தி எடுக்கலாம். இது தானாக நடக்காது, நீங்கள்தான் கேட்க வேண்டும். என் அபிப்பிராயம்: இழப்பீடு பெரிய தொகை என்றால் கட்டாயம் கேளுங்கள்.

படி 5: கணக்குப் போடும் கருவி

மத்திய நீதித்துறையின் தளத்தில் அட்டவணையைத் தேடும் இலவசக் கருவி இருக்கிறது. மாகாணம், பிள்ளைகளின் எண்ணிக்கை, வருமானம் கொடுத்தால் மாதத் தொகை வரும். ஒரே ஒரு விஷயம், காசு கொடுக்க வேண்டியவர் வாழும் மாகாணத்தைத்தான் போட வேண்டும். எனக்கு இதுவே பிடித்தது, எளிமையானது. வரிச் சமப்படுத்தல் மாதிரியான வேலைகளை இது செய்யாது, அதற்கு லோயர்மார் வைத்திருக்கும் டிவோர்ஸ்மேட் என்ற மென்பொருள் வேண்டும். 2025 அக்டோபர் 1இல் மத்திய அட்டவணைகள் புதுப்பிக்கப்பட்டன, ஆகவே யாரோ அனுப்பிய பழைய பிடிஎஃப்பை நம்பாதீர்கள். பிள்ளைகள் இரண்டு பேரிடமும் குறைந்தது 40 சதவீத நேரம் இருந்தால் 9ஆம் பிரிவு, அங்கே இருவர் வருமானமும் வேண்டும். அது தனிப் பதிவுக்கான விஷயம்.

பின்சேர்க்கை

முதலில் போட்ட பிறகு சில கேள்விகள் வந்தன.

நீதிமன்றத்துக்குக் கொடுக்கும் நிதி விவரப் படிவமான ஃபோர்ம் 13இல் சைல்ட் பெனிஃபிட்டை எழுதக் கேட்கிறார்களே, அப்படியென்றால் அதுவும் வருமானம்தானே என்று ஒரு அக்கா கேட்டிருந்தார். அந்தப் படிவம் உங்கள் வீட்டு நிலவரம் முழுவதையும் கேட்கிறது, அதனால் எழுதத்தான் வேண்டும், மறைக்கக் கூடாது. ஆனால் அட்டவணைத் தொகைக்கான வருமானத்தில் அது சேராது. டேகேர் போன்ற சிறப்புச் செலவுகளைப் பங்கு பிரிக்கும்போது மட்டும், அந்தச் செலவுக்காகக் கிடைக்கும் மானியத்தையும் வரிச் சலுகையையும் முதலில் கழித்துவிட்டு மிச்சத்தைத்தான் பிரிப்பார்கள்.

சிபிபி டிசபிலிட்டி வாங்குபவரின் பிள்ளைக்கென்று தனியாக மாதாமாதம் ஒரு தொகை வரும், அது யார் வருமானம்? பெற்றோரின் கணக்குக்கு வந்தாலும் வரிக்கு அது பிள்ளையின் வருமானம் என்பதுதான் சிஆர்ஏயின் நிலை. அதைப் பெற்றோரின் 15000க்குள் எழுதியிருந்தால் ரிட்டர்னைத் திருத்துங்கள்.

இன்னொருவருக்கு, நீண்ட நாள் இழுபட்ட சிபிபி டிசபிலிட்டி விண்ணப்பம் ஒருவழியாக ஏற்கப்பட்டு, பல வருடத்துப் பாக்கி ஒரே வருடத்தில் வந்து விழுந்திருக்கிறது. அந்த வருடம் 15000 வரி ஏகத்துக்கும் உயர்ந்து நிற்கும். இதற்குத்தான் 17ஆம் பிரிவு. கடைசி மூன்று வருடங்களைப் பார்த்து நியாயமான ஒரு தொகையை எடுக்க அது இடம் கொடுக்கிறது. சிபிபி அனுப்பிய கடிதத்தில் எந்த மாதத்திலிருந்து எவ்வளவு என்று இருக்கும், அதையும் ரிட்டர்னோடு சேர்த்துக் கொடுங்கள்.

கடைசியாக, சைல்ட் சப்போர்ட் வந்தால் வெல்ஃபெயரில் வெட்டிவிடுவார்கள் என்று பயந்து கேட்காமலே இருக்கிறவர்களுக்கு: ஒன்டாரியோவில் அந்த வெட்டு 2017இலேயே நிறுத்தப்பட்டுவிட்டது. ஒன்டாரியோ வேர்க்ஸ் (வெல்ஃபெயர்), ஓடிஎஸ்பி இரண்டிலும் சைல்ட் சப்போர்ட் முழுதாக உங்கள் கையில் நிற்கும், வருகிற தொகையைக் கேஸ் வேர்க்கருக்கு அறிவித்தால் போதும்.